பிள்ளை கையில் போன்

மலைக்குப் போகும்போது சின்னதுகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போகிறோம். கொஞ்சம் பெரியதுகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, நாம் வேலை முடிந்து வரும்வரை லயத்தில் தனியாக நிற்கும். அதுகள் கையில் இப்போது போன் இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடியபோது, வாட்ஸ்அப்பில் பாடம் வருகிறது என்று கடன்பட்டாவது போன் எடுத்துக் கொடுத்த பெற்றோர் பலர். சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளையும் பார்த்தோம். பாடசாலை திறந்தாச்சு, போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. வாங்கிக் கொடுத்தது பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் அம்மாவின் முகத்தைப் பிள்ளை பார்ப்பதும் அதில்தானே.

லயத்துப் பக்கம் முன்பின் தெரியாத ஆள் வந்தால், "யாரப்பா நீ, யாரைப் பார்க்க வந்தே?" என்று நாலு பேர் கேட்போம். போனுக்குள் வருகிறவனை அப்படி யாரும் கேட்பதில்லை.

அவன் கெட்டவன் மாதிரி வரமாட்டான். போனில் விளையாடும்போது கூட விளையாடுகிற அண்ணனாக வருவான். டிக்டொக்கில் "நல்லா ஆடுறீங்க தங்கச்சி" என்று எழுதுவான். படத்தில் இருக்கும் முகம் அவனுடையதாகவே இருக்காது. சில நாளில் ரீலோட் போட்டுவிடுவான். வீட்டில் ஏசினார்கள் என்றால் ஆறுதல் சொல்லுவான். அடுத்து, "இதை அம்மாகிட்ட சொல்லாதே" என்பான். அந்த வார்த்தை வந்த இடத்திலேயே பிள்ளை உஷாராக வேண்டும். பிறகு ஒரு படம் கேட்பான். படம் கைக்குப் போனதும் பேச்சு மாறிவிடும்: இன்னும் அனுப்பு, காசு அனுப்பு, தனியே வந்து பார், இல்லாவிட்டால் ஊருக்கெல்லாம் காட்டுவேன். பொம்பளைப் பிள்ளைகளுக்கு மட்டுந்தான் இது என்று எண்ண வேண்டாம். பையன்களையும் இப்படி மிரட்டிக் காசு பறிக்கிறார்கள்.

பிள்ளை ஏன் வீட்டில் சொல்வதில்லை? "அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு" என்ற பயந்தான். அந்தப் பயத்தை வைத்துத்தான் அவன் பிழைக்கிறான். ஆகவே ஒன்றும் நடக்காத நாளிலேயே, சோறு தின்னும்போது சொல்லி வையுங்கள்: "எது நடந்தாலும் எங்ககிட்ட வா, அடிக்கமாட்டோம், போனையும் பிடுங்கமாட்டோம்." சொன்னால் சொன்னபடி நடக்கவும் வேண்டும். ஒரு தடவை அடி விழுந்தால் மறுதடவை பிள்ளை வாய் திறக்காது.

நடந்துவிட்டால் காசு கொடுக்க வேண்டாம். கொடுத்தவனிடந்தான் மறுபடியும் கேட்பான். அவன் எழுதியதையும், அவன் பெயர், நம்பரையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, பிறகு அவனை புளொக் பண்ணுங்கள். பிள்ளையின் படத்தை நியாயம் கேட்பதற்காகக்கூட வேறு போனுக்கு அனுப்ப வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் ஆபாசப் படத்தைப் பரப்புவது இலங்கையில் குற்றம். தண்டனைச் சட்டக்கோவையில் 1995ஆம் ஆண்டே அதைச் சேர்த்துவிட்டார்கள்.

போனில் செய்யக்கூடிய சின்னக் காரியங்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் என்று போய் 'மை கொன்டாக்ட்ஸ்' என்பதைத் தெரிவு செய்தால், நம்பரில் பதியாத ஆள் பிள்ளையைக் குழுவில் சேர்க்க முடியாது. டிக்டொக் கணக்கைப் 'பிரைவேட்' ஆக்கி வையுங்கள். பேஸ்புக், டிக்டொக் இரண்டுமே 13 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. வயதைக் கூட்டிப் போட்டுப் பெரியவர்களே கணக்குத் திறந்து கொடுப்பது சரியல்ல. மெசேஜில் வரும் 6 இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. சொன்னால் வாட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போய்விடும். யூனிபோர்ம் போட்ட படத்தைப் போட்டால் எந்தப் பாடசாலை என்று முன்பின் தெரியாதவனுக்கும் தெரிந்துவிடும். இதெல்லாம் நமக்கு விளங்காவிட்டால் பிள்ளையிடமே கேட்டுப் படிப்போம். அதுவும் நல்லதுதான், என்ன பார்க்கிறது என்று கூடவே தெரிந்துவிடும்.

ராத்திரியில் போன் பிள்ளையின் போர்வைக்குள் இல்லாமல் அம்மாயி பக்கத்தில் சார்ஜில் கிடக்கட்டும்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் நம்பர் 1929. காசு போகாது, தமிழிலும் பேசலாம், பிள்ளையே எடுத்தும் பேசலாம். போனில் பேசக் கூச்சமாக இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை நேரில் போய்ப் பாருங்கள்.