இழையைப் பெருக்கும் பொறி

உலர்ந்த சிறு குருதிப் பொட்டினின்றும் அதற்குரிய ஆளை அறிதல் கூடுமோ? அப்பொட்டில் உள்ள டி.என்.ஏ. இழை மிகச் சிறிதாகலின், முதற்கண் அதனைப் படியெடுத்துப் பெருக்குதல் வேண்டும். அதற்குரிய வழியை 1983-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கேரி மல்லிசு கண்டார். 1993-இல் நோபல் பரிசும் பெற்றார்.

அவ்விழை இரட்டைப் புரியுடையது. 95 பாகை செல்சியசு வெப்பத்தில் புரிகள் பிரியும். வெப்பம் தணிந்ததும், நாம் இட்ட தொடக்கத் துண்டுகள் தமக்குரிய இடங்களில் ஒட்டும். பின்னர் 72 பாகையில் நொதியொன்று ஒவ்வொரு புரிக்கும் துணைப்புரியை நெய்து முடிக்கும். ஒரு சுழற்சியில் ஒன்று இரண்டாம். 30 சுழற்சியில் ஏறத்தாழ நூறு கோடியாம்! கடுவெப்பத்திலும் கெடாத அந்நொதி, எல்லோசுடோன் வெந்நீர் ஊற்றில் வாழும் நுண்ணுயிர் ஒன்றினின்றும் கிடைத்தது. வெந்நீரில் வாழும் உயிரும் உண்டென்பது வியப்பன்றோ!

இடர் நடுப்படியில்தான் உளது. வெப்பம் குறைந்தால் துண்டுகள் தகாத இடங்களிலும் ஒட்டும். பிழைபட்ட படிகளே பெருகும். வெப்பம் மிகுந்தாலோ அவை எங்கும் ஒட்டா. தக்க வெப்பம் துண்டுக்குத் துண்டு வேறுபடும். ஒவ்வொரு வெப்பத்தையும் தனித்தனியே சோதிப்பின் நாள்கள் பல கழியும். சரிவு வெப்பச் சுழற்றியில், குழாய்கள் பதிந்த உலோகப் பாளத்தின் ஒரு முனை 50 பாகையிலும் மறுமுனை 65 பாகையிலும் நிற்குமாறு செய்யலாம். 12 வரிசைகளும் படிப்படியே வெப்பம் மிகும். ஒரே ஓட்டத்தில் 12 சோதனைகள் முடியும். எவ்வரிசையில் வேண்டிய படி மட்டும் தெளிவாக விளைந்ததோ, அவ்வரிசையின் வெப்பத்தையே ஆய்வாளர் கொள்வர்.