ஆர்சி டிரக்கைத் தண்ணியில இறக்குறதுக்கு முன்னாடி

ஆர்சி கார் பற்றிப் பேசினாலே உங்ககிட்டருந்து வர்ற முதல் கேள்வி, பாக்ஸ்ல "வாட்டர்ப்ரூஃப்"னு போட்டிருக்கே, மகாபலிபுரம் கடல்ல இறக்கலாமா என்பதுதான். இறக்காதீங்க. ஏரி, வயல் சேறு, மழைத்தண்ணி எல்லாம் ஓகே, ஆனா அதுக்கும் கொஞ்சம் வேலை பார்க்கணும். இந்த எபிசோட் அந்த வேலையைப் பற்றித்தான்.

முதல்ல அந்த வார்த்தையைப் பார்ப்போம். டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 மாதிரி ஒரு பத்தில் ஒரு பங்கு டிரக்கை எடுத்துக்கோங்க. அதுல இஎஸ்சி, சர்வோ ரெண்டும் சீல் பண்ணி வரும், ரிசீவர் தனிப் பெட்டிக்குள்ள இருக்கும். பாதுகாப்பு அவ்வளவுதான். பேரிங், மோட்டார், பேட்டரி கனெக்டர், உங்க கையில இருக்கிற ரிமோட் எதுவும் அந்தக் கணக்கில் வராது. கடல்நீரிலும் உப்பு கலந்த தண்ணீரிலும் ஓட்டக் கூடாது என்று டிராக்ஸஸ் மேனுவலே சொல்கிறது. ஃபோன் பாக்ஸ்ல இருக்கிற ஐபி67-ம் இதே கதைதான். ஒரு மீட்டர் ஆழம், 30 நிமிஷம், அசையாத நல்ல தண்ணீர், புதுப் பொருள் என்பதுதான் அந்தச் சோதனை. சேத்துல குதிக்கிற வண்டிக்கு அது உத்தரவாதம் இல்லை.

தண்ணீர் எப்படி உள்ளே போகுதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் ரொம்பச் சின்னது, காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. ஒரு சாதாரண ரப்பர் கேஸ்கெட் அதை ஈஸியா தாங்கும். அப்புறம் ஏன் பெட்டிக்குள்ள தண்ணி நிக்குது?

காரணம் சூடு. செங்கல்பட்டு வெயில்ல ரிசீவர் பெட்டி 40 டிகிரிக்கு வந்திருக்குன்னு வைங்க. அதை 25 டிகிரி ஏரித் தண்ணியில இறக்கினா உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். கெல்வின் கணக்குல போட்டா, அழுத்தம் கிட்டத்தட்ட 5 சதவீதம் குறையும். அது அரை மீட்டர் ஆழத்துத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். அதாவது வண்டி முழங்கால் அளவுத் தண்ணியில கூட இல்லை, ஆனா பெட்டி வெளியே இருக்கிற தண்ணியை உறிஞ்சி இழுக்குது. கியர்பாக்ஸ் 70 டிகிரி சூட்டில் இருந்து 30-க்கு வந்தால் அது ஒரு மீட்டருக்கும் மேல். நிஜ ஜீப் ஓட்டுறவங்க ஆக்சில்ல இருந்து ஒரு ட்யூபை எஞ்சின் உயரத்துக்கு இழுத்து விடுறாங்களே, ப்ரீதர்னு சொல்வாங்க, அதுவும் இந்தப் பிரச்னைக்குத்தான். நமக்கு ட்யூப் வேண்டாம். ஓட்டி முடிச்ச சூட்டோட தண்ணியில விடாம, பத்து நிமிஷம் நிழல்ல நிறுத்துங்க. காசில்லாத வாட்டர்ப்ரூஃபிங் இதுதான், ஆனா இதைத்தான் யாரும் செய்யறதில்லை.

இன்னொரு வழி வயர். இழை இழையாக முறுக்கின காப்பர் வயருக்குள்ள தண்ணீர் திரி மாதிரி ஏறும், மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே. ரிசீவர் பெட்டியில் வயர் நுழையுற இடத்துல சிலிக்கோன் கிரீஸ் தடவணும். கேஸ்கெட்டையும் ஒவ்வொரு முறை திறக்கும்போது துடைச்சு, ஒரு மணல் துகள்கூட இல்லைன்னு பார்த்துட்டு மூடணும்.

போர்டுகளுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் நல்லது. ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிச்சுப் பாருங்க. ரெண்டு மெல்லிய கோட், நடுவுல நல்லா காயணும். கனெக்டர் பின், ஸ்விட்ச், ஃபேன் மேல படக்கூடாது. நெயில் பாலிஷ் அடிக்கிறவங்களும் உண்டு, அவசரத்துக்குத் தப்பில்லை. ஆனா பாத்ரூம் டைல்ஸுக்கு அடிக்கிற, வினிகர் வாடை வர்ற சிலிக்கோனை மட்டும் போர்டுல வைக்காதீங்க. அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அது காப்பரை அரிக்கும். "நியூட்ரல் க்யூர்" என்று போட்டதுதான் வேணும். எம்-சீல் வச்சு இஎஸ்சியை மொத்தமா மூடுறதும் வேண்டாம். சூடு வெளியே போக வழி இருக்காது, நாளைக்குத் திறக்கவும் முடியாது.

மோட்டார் விஷயம் கொஞ்சம் ஆச்சரியமானது. பிரஷ் மோட்டார் நல்ல தண்ணீருக்குள்ளேயே சுத்தும், ஆனா பிரஷ் சீக்கிரம் தேயும், சேறு போனா இன்னும் சீக்கிரம். பிரஷ்லெஸ்ல தேய பிரஷ் இல்லை, சுருளுக்கு எனாமல் பூச்சு இருக்கு. அதுக்கு எதிரி பேரிங். சென்சார் வச்ச மாடல்னா அந்தச் சின்ன போர்டும்.

ரேடியோவையும் மறந்துடாதீங்க. நிக்கோலா டெஸ்லா 1898-ல் நியூயார்க்கில் உலகத்துக்குக் காட்டின ரேடியோ கன்ட்ரோல் வண்டியே ஒரு படகுதான். ஆனா நம்ம ரிமோட்டோட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் சீக்கிரம் செத்துடும். ஆன்டெனாவை ட்யூப்ல போட்டு உச்சியில நிறுத்துங்க. சிக்னல் போனா வண்டி நிக்கிற மாதிரி ஃபெயில்சேஃப் செட் பண்ணிடுங்க. இல்லைன்னா ஏரி நடுவுல த்ராட்டில் அப்படியே இருக்கும், நீச்சல் தெரிஞ்ச நண்பரைத் தேடணும்.

இப்ப சேறு. மதுராந்தகம் பக்கம் நடவுக்கு முன்னாடி தொழி உழவு ஓட்டுற டிராக்டரைப் பார்த்திருப்பீங்க, ரப்பர் டயருக்குப் பதில் இரும்புக் கேஜ் வீல் மாட்டியிருப்பாங்க. களிமண் டயர் இடுக்கை அடைச்சா பிடிமானமே போயிடும் என்பதால்தான். நம்ம டயரிலும் அகலமான இடைவெளி வேணும். டயருக்குள்ள இருக்கிற ஃபோம் தண்ணியைக் குடிச்சு வெயிட் ஆகும், அதனால டயர் நடுவுல ரெண்டு மூணு சின்ன ஓட்டை போட்டா சுத்தும்போது தண்ணி வெளியே தெறிச்சுடும். இழுக்கிற பாரம் கூடினா மோட்டார் சூடாகும். ஒரு பல்லோ ரெண்டு பல்லோ குறைஞ்ச பினியன் போடுங்க. ஒண்ணு, அடுத்தவர் வயல் விளையாட்டு மைதானம் இல்லை. தரிசா கிடக்கிற இடத்துல, கேட்டுட்டு ஓட்டுங்க.

உப்புக்கு வருவோம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. குழாய்த் தண்ணீரைவிட அது பல மடங்கு நல்லா மின்சாரத்தைக் கடத்தும். கடல் மட்டும் இல்லை, கோவளம் முகத்துவாரமும் பக்கிங்ஹாம் கால்வாயும் பார்க்க ஆறு மாதிரிதான் இருக்கும், ஆனா அங்கேயும் உப்பு கலக்கும். உப்பு காய்ஞ்சாலும் போகாது, ஈரக்காற்றை இழுத்து மறுபடி ஈரமாகும். பல்லவர் காலக் கடற்கரைக் கோயிலின் கல்லிலேயே உப்பு இறங்கியிருக்கு. தொல்லியல் துறை காகிதக் கூழை ஈரமாக அப்பி அந்த உப்பை வெளியே இழுக்கிறது. கல்லுக்கே அந்த நிலைமைன்னா, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில சால்டர் பண்ணின பின்னுக்கு?

அதைவிடப் பயம் பேட்டரிதான். டூ-எஸ் லைப்போ 7.4 வோல்ட். தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ட்டுக்கு மேல இருந்தா போதும். பேலன்ஸ் பிளக்கின் திறந்த பின்கள் உப்புத்தண்ணியில நனைஞ்சா அங்கேயே மின்பகுப்பு ஆரம்பிச்சு, பாசிட்டிவ் பின் கரையும். உப்புத்தண்ணி வாளியில போட்டா லைப்போ பாதுகாப்பா காலியாகும் என்று சொல்றவங்களை நம்பாதீங்க. பின் முதல்ல கரைஞ்சுடும், உள்ளே சார்ஜ் அப்படியே இருக்கும். உப்புத்தண்ணி உள்ளே போன லைப்போவை மறுபடி சார்ஜ் போடாதீங்க, வீட்டுக்குள்ளயும் வைக்காதீங்க. மொட்டை மாடியில, மணல் போட்ட இரும்பு வாளியில தனியா வச்சுட்டு, தீ எரியக்கூடிய எதுவும் பக்கத்துல இல்லாம பார்த்துக்கோங்க.

ஓட்டி முடிச்சதும் பேட்டரியைக் கழட்டிட்டு நல்ல தண்ணியில கழுவுங்க. மாமல்லபுரம் மீனவர்களைப் பாருங்க, படகு எஞ்சினை நல்ல தண்ணி விட்டுக் கழுவாம விடமாட்டாங்க. ஹை பிரஷர் ஹோஸ் வேண்டாம், அது சீலைத் தாண்டி சேற்றை உள்ளே தள்ளும். அப்புறம் ஊதிக் காய வைங்க. டபிள்யூடி-40 தண்ணியை விரட்டும், ஆனா மசகா நிக்காது, பேரிங்குக்கு மேல ஆயில் வேணும். பேரிங் வாங்கும்போது ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் கேளுங்க. போர்டு நனைஞ்சிருந்தா அரிசி டப்பாவுல போடாதீங்க, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பிரஷ் போட்டுக் கழுவுங்க.

எங்க ஓட்டலாம்? கோடையில பாலாத்து மணல், மழைக்குப் பிறகு அங்கங்கே தேங்கி நிக்கிற குட்டை. வேடந்தாங்கல் பக்கம் வேண்டாம், பறவை சரணாலயம். ஜனவரியில் இருந்து மார்ச் வரை ராத்திரியில கடற்கரை மணலும் வேண்டாம், பங்குனி ஆமை முட்டையிட வர்ற காலம். அடுத்த எபிசோட்ல சர்வோவைப் பிரிச்சு உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கலாம்.