அசீரியக் குதிரைப்படையின் வளர்ச்சியும் கடிவாளம் பற்றிய கையும்

ஆய்வுச்சுருக்கம்

கி.மு. 9 முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான அசீரியப் புடைப்புச் சிற்பங்கள், குதிரைப்படை தேர்ப்படையிலிருந்து பிரிந்து வளர்ந்த முறையைப் படிப்படியாகக் காட்டுகின்றன. அங்கவடி இல்லாத அக்காலத்தில், குதிரையும் வீரனும் பெற்ற பயிற்சியே இவ்வளர்ச்சிக்கு முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அசீரியா, குதிரைப்படை, தேர்ப்படை, கடிவாளம், புடைப்புச் சிற்பம்.

முன்னுரை

குதிரைப்படையின் ஆற்றலை அங்கவடியோடு இணைத்துக் காணும் போக்கு போர்க்கலை வரலாற்றில் நெடுங்காலமாக உள்ளது. ஐரோப்பிய இடைக்காலச் சமூக மாற்றத்திற்கு அங்கவடியே வித்திட்டது என லின் வைட் 1962இல் எழுதியது பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது. ஆனால் அங்கவடி ஐரோப்பாவை அடைவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே மேற்காசியாவில் குதிரைப்படை நிலைபெற்றுவிட்டது. அங்கவடியின்றி அது எவ்வாறு இயன்றது என்னும் வினாவிற்கு அசீரியச் சான்றுகள் விடை தருகின்றன.

இருவர் இணை

வில்லை வளைக்க இரு கைகளும் வேண்டும். தேரில் பாகன் கடிவாள வாரைப் பற்றிக்கொள்வதால் வில்லாளிக்கு இடர்ப்பாடில்லை. குதிரைமேல் தனித்து ஏறிய வில்லாளிக்கோ வாரைப் பற்ற மூன்றாவது கை இல்லை.

இரண்டாம் அசூர்நசிர்பால் (கி.மு. 883–859) நிம்ரூதில் எழுப்பிய அரண்மனைச் சிற்பங்களில் இதற்குரிய முதல் தீர்வைக் காணலாம். இரு குதிரைகள் இணையாக ஓடுகின்றன. ஒருவன் அம்பு எய்கிறான். மற்றவன் இரு குதிரைகளின் வார்களையும் பற்றியிருக்கிறான். தேர் மறைந்துவிட்டது, பாகனும் வில்லாளியும் மட்டும் குதிரைமேல் இடம்பெயர்ந்துள்ளனர். வீரர்கள் முழங்காலை உயர்த்தி, குதிரையின் பின்முதுகில் அமர்ந்துள்ளனர். அடுத்த மன்னனான மூன்றாம் சல்மனேசரின் (கி.மு. 858–824) பலவாத் வாயில் வெண்கலப் பட்டைகளிலும் இத்தகைய இணைகள் உள்ளன. இரு ஆட்சிகளில், கல்லிலும் வெண்கலத்திலும் ஒரே அமைப்பு காணப்படுவதால் இதனைச் சிற்பியின் மரபு என்று மட்டும் ஒதுக்க இயலாது.

இம்முறையில் இரு குதிரைகளுக்கு ஒரு வில்லே பயன்பட்டது. எனினும் சாக்ரோசு, தாரசு மலைப்பகுதிகளில் தேர் செல்ல இயலாத இடங்களுக்கும் குதிரை சென்றது. கி.மு. 853இல் நிகழ்ந்த கர்கார் போரைக் கூறும் குர்க் கல்வெட்டு, பகைவரான தமாசுகசு மன்னனிடம் 1,200 தேர்களும் 1,200 குதிரை வீரர்களும், காமாத்து மன்னனிடம் 700 தேர்களும் 700 குதிரை வீரர்களும் இருந்தனர் என்கிறது. இசுரேல் மன்னன் ஆகாபுக்கு 2,000 தேர்களைக் கூறும் அக்கல்வெட்டு, குதிரைப்படையைக் கூறவில்லை. வெற்றி பாடும் அரச ஆவணம் ஆதலின் எண்ணிக்கையை அப்படியே ஏற்க இயலாது. ஆயினும் தேர்ப்படைக்கு நிகராகக் குதிரைப்படை எண்ணப்பட்டதும், அது எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் பரவவில்லை என்பதும் இதனால் பெறப்படுகின்றன.

தனி வீரன்

மூன்றாம் திக்லத்பிலேசரின் (கி.மு. 744–727) காலச் சிற்பங்களில் வேல் ஏந்திய வீரர்கள் தம் குதிரையைத் தாமே செலுத்துகின்றனர். வேலுக்கு ஒரு கை போதும். மறுகை வாரைப் பற்றும். வில்லாளியின் சிக்கல் இதனினும் கடினமானது. அது தீர்ந்ததை நினிவேயில் உள்ள அசூர்பானிபாலின் (கி.மு. 7ஆம் நூற்றாண்டு) அரண்மனைச் சிற்பங்கள் காட்டுகின்றன. அங்கே வில்லாளி துணையின்றி விரைகிறான். முன்னகர்ந்து அமர்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, குதிரையின் விலாவை அணைத்திருக்கிறான். கைவிட்ட வார் நழுவாதவாறு அதில் கனமான குஞ்சம் பிணைக்கப்பட்டுள்ளது. குஞ்சம் வாரை நிறுத்துமேயன்றிக் குதிரையைச் செலுத்தாது. வார் தளர்ந்த நிலையிலும் நெறி மாறாமல் ஓடக் குதிரை பழகியிருத்தல் வேண்டும். இருக்கையால் மட்டும் நிலைகொள்ள வீரன் பழகியிருத்தல் வேண்டும்.

பயிற்சியின் மதிப்பு

இப்பயிற்சியின் அருமையை அசீரியர் உணர்ந்திருந்தனர். இரண்டாம் சர்கோன் கி.மு. 714இல் உரார்த்து நாட்டின்மீது படையெடுத்துச் சென்றதை அசூர் கடவுளுக்கு எழுதிய மடலாக விவரிக்கும் களிமண் பலகை பாரிசு லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. பகைநாட்டின் ஒரு பகுதி மக்கள் குதிரைகளைப் பழக்குவதில் இணையற்றவர்கள் என்றும், அரசனின் படைக்காகக் குட்டிகளை ஆண்டுதோறும் வளர்த்தனர் என்றும் அது புகழ்கிறது. பகைவரை இழித்துரைப்பதே இயல்பான அரச ஆவணத்தில் இப்புகழ்ச்சி தனிக் கவனத்திற்குரியது. பின்வந்த எசர்காதோன் காலத்து மடல்களில், அரண்மனைக்கு வந்த நுகக் குதிரைகளும் ஏறிச்செல்லும் குதிரைகளும் தனித்தனியே கணக்கிடப்பட்டுள்ளன. தேருக்குப் பழகிய குதிரை வேறு, வீரனைச் சுமக்கப் பழகிய குதிரை வேறு என்னும் தெளிவு நிருவாகத்திலும் வேரூன்றியிருந்ததை இது உணர்த்துகிறது.

முடிவுரை

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் இருவர் செய்த பணியை ஒருவன் செய்யும் நிலை உருவானது. குஞ்சம் போன்ற சிறு துணைக்கருவிகள் உதவின எனினும், அமரும் முறையும் குதிரையின் பழக்கமுமே மாற்றத்தின் அடிப்படையாயின. எனவே பண்டைய குதிரைப்படையை மதிப்பிடுவோர் கருவிகளின் பட்டியலோடு நின்றுவிடாமல், வீரனின் கை எங்கே இருந்தது, கால் எவ்வாறு அணைந்தது, குதிரையை யார் பழக்கினர் என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். அகழ்வில் கிடைக்கும் உலோகக் கடிவாளம் இவற்றைச் சொல்வதில்லை. சிற்பமும் மடலும் சொல்கின்றன.