கத்திக்கு முன் கையில் ஒரு மாதிரி எலும்பு

"எக்ஸ்ரே இருக்கே டீச்சர், அப்புறம் எதுக்கு பிளாஸ்டிக் எலும்பு?" என் படிவம் 5 மாணவர் கேட்டது. நல்ல கேள்வி.

இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பின் குழி கிண்ணம். தேய்ந்துபோனால் இரண்டையும் மாற்றலாம். 1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி செய்த முறையே இன்றைய சிகிச்சைக்கு அடிப்படை.

பிறவியிலேயே குழி ஆழமில்லாதவர், விபத்தில் எலும்பு நொறுங்கியவர், பழைய செயற்கை மூட்டு தளர்ந்தவர் ஆகியோருக்குத்தான் சிக்கல். எலும்பு எங்கே மிச்சம் இருக்கு? திருகாணி எங்கே பிடிக்கும்? தட்டையான எக்ஸ்ரேயில் ஆழம் தெரியாது.

சிடி ஸ்கேன் எலும்பைச் சீவல் சீவலாகப் படமெடுக்கும். கணினி அவற்றை அடுக்கி உருவமாக்கும். முப்பரிமாண அச்சுப்பொறி அதே அளவில் படலம் படலமாக வார்க்கும். மருத்துவர் அதில் கிண்ணத்தைப் பொருத்திப் பார்ப்பார். திருகாணிக்கு இடம் குறிப்பார். தப்பு நடந்தால் பிளாஸ்டிக்கோடு போகும், நோயாளிக்கு வலியில்லை.

நம் கோலாலம்பூரிலும் இதே வழியுண்டு. மலாயாப் பல்கலைக்கழக நரம்பியல் அறுவை நிபுணர் பேராசிரியர் விக்னேஸ் வரன் குழுவினர், தோல், எலும்பு, கட்டி ஆகியவற்றை வெவ்வேறு பதத்தில் அச்சிட்ட தலை மாதிரிகளைப் பயிற்சிக்காக உருவாக்கி, 2014இல் ஆய்விதழில் எழுதினார்கள்.

ஆனால், எலும்பு மாதிரியில் தசையும் நரம்பும் இரத்தமும் இல்லை. செலவும் நாளும் பிடிக்கும். சாதாரணத் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் எக்ஸ்ரேயே போதும்.

ஆசிரியர்களே, ஓர் உருளைக்கிழங்கை மெல்லியதாகச் சீவி, மீண்டும் அடுக்கச் சொல்லுங்கள். செய்து பார்த்ததைப் படிப்படியாக எழுதினால், அதுவே நல்ல விளக்கக் கட்டுரை.