மன்னர் போன பின் கண்டியை ஆண்டவர்கள்

நம் வேலூர்க் கோட்டைக்குள் கண்டி மகால் என்றொரு கட்டடம் உண்டு. ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் சுற்றுலா வருவோர் அகழியையும் ஜலகண்டேசுவரர் கோவிலையும் கண்டுவிட்டு அதைக் கவனியாமலே போய்விடுகின்றனர். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816 முதல் 1832-இல் இறக்கும் வரை இக்கோட்டையில்தான் சிறைவைக்கப்பட்டிருந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய முத்துமண்டபமும் இருக்கிறது. அவரது துயரக் கதையைப் பலர் எழுதிவிட்டனர். அவர் போன பின் அந்நாட்டை ஆண்டவர்கள் பட்ட பாட்டையே நாங்கள் இங்கு எழுத எண்ணினோம்.

ராஜசிங்கன் தென்னாட்டு நாயக்கர் குலத்தவர். அவருடைய கொடுமைகளால் வெறுப்புற்ற சிங்களப் பிரதானிகள் ஆங்கிலேயருடன் சேர்ந்தனர். 1815 பிப்ரவரியில் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2-ஆம் நாள் ஆளுநர் பிரௌன்றிக்கும் பிரதானிகளும் கண்டி உடன்படிக்கையைச் செய்துகொண்டனர். நாயக்கர் குலத்துக்கு இனி அரியணை இல்லை. பழைய வழக்கங்களும் பிரதானிகளின் உரிமைகளும் அப்படியே இருக்கும். பௌத்த சமயம் காக்கப்படும் என்பது அதன் சாரம். சிங்களம் நன்கு கற்ற ஜான் டாய்லி என்பவர் ரெசிடெண்டாகக் கண்டியில் அமர்ந்தார். இதைத் தற்காலிக ஆட்சி என்று யாரும் அழைக்கவில்லை. ஆனால் அது நீடித்தது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவே!

எல்லாம் பழையபடியே இருக்கும் என்றார்கள். அதுதான் சிக்கலாயிற்று. ஏனெனில் பழைய வழக்கங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றவர் மன்னர் அல்லவா? நிலம் வைத்திருந்தோர் அவருக்கு ராஜகாரியம் என்னும் ஊழியம் செய்தனர். புனிதப் பல் சின்னத்தைக் காத்து விழா எடுப்பித்தவர் அவரே. பிரதானிகளின் பதவியும் பட்டமும் அவர் கையிலிருந்தே வந்தன. இப்போது மன்னர் என்பவர் கடல் கடந்து இங்கிலாந்தில் நோயுற்றிருந்த மூன்றாம் ஜார்ஜ்! ஆளுநரோ கொழும்பில் இருந்தார். டாய்லி எவ்வளவு நல்லவராயினும் மன்னராக முடியுமா? கிறிஸ்தவ அரசொன்று பௌத்த விகாரைகளுக்குக் காவலாய் நிற்பதும் இரு சாராருக்கும் சங்கடமாகவே இருந்தது.

பிரதானிகளுக்கு மனக்குறை வளர்ந்தது. சாதாரணச் சிப்பாய்கூட அவர்களைக் கண்டு வணங்கவில்லை. ஆங்கிலேயருக்கு உதவிய எகலப்பொல, தாமே மன்னராகலாம் என்று நம்பியிருந்தார்; அது நடவாததால் பதவி எதையும் ஏற்கவில்லை. (மன்னரை அகற்றும்போது ஒன்றாயிருந்தவர்கள் அடுத்தது யார் என்பதில் ஒன்றாயில்லை.)

1817-இல் ஊவாப் பகுதியில் கிளர்ச்சி மூண்டது. துணை ரெசிடெண்ட் வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல என்னும் பிரதானியே கிளர்ச்சியாளருடன் சேர்ந்துவிட்டார். அவர்கள் முன்னிறுத்திய இளவரசர் யார் தெரியுமா? நாயக்கர் குலத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டவர்! எந்தக் குலம் வேண்டாம் என்று உடன்படிக்கை எழுதினார்களோ, அந்தக் குலத்தின் பெயரே மக்களைத் திரட்டத் தேவைப்பட்டது. அவர் உண்மையில் வில்பாவே என்னும் முன்னாள் பிக்கு என்பது பின்னர் வெளியாயிற்று. அவ்வேளையில் உண்மையான மன்னர் நம் ஊரில் காவலில் இருந்தார்.

பல் சின்னத்தையும் கிளர்ச்சியாளர் எடுத்துச் சென்றனர். இந்தியாவிலிருந்து கூடுதல் படைகள் வந்தன. ஊர்களும் வயல்களும் எரிக்கப்பட்டன. சின்னம் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் கிளர்ச்சி தளர்ந்தது. 1818 நவம்பர் 21-ஆம் நாள் புதிய பிரகடனம் வந்தது. பிரதானிகளின் அதிகாரம் குறைந்தது. ஆங்கில அதிகாரிகள் நேரடியாக ஆளத் தொடங்கினர். ஐந்து நாள் கழித்துக் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டது.