கார்த்திகைப்பூவின் இன்னொரு பெயர்

முற்றத்து மருந்து – 11

மாரி தொடங்கிவிட்டது. வடமராட்சிப் பக்கம் கிளுவை வேலிகளில் கார்த்திகைப்பூ ஏறி நிற்கிறது. கலப்பை போல வளைந்த அதன் கிழங்கைக் கலப்பைக்கிழங்கு என்போம். வடமொழி மருத்துவ நூல்களில் அதற்குக் கர்ப்பபாதினி என்றும் ஒரு பெயர் உண்டு. கருவை வீழ்த்துவது என்று பொருள். எச்சரிக்கையைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "நாட்டு மருந்துதானே, என்ன செய்யப்போகுது?" என்று கேட்கிறவர்கள் நாங்கள்தான்.

போன கிழமை பிள்ளை பெற்ற வீட்டுக் காயச்சரக்கைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "மருமகளுக்கு இது ஏழாம் மாதம், இப்பவே தொடங்கினால் என்ன?" என்று ஒரு மாமியார் கேட்டார். கூடாது அம்மா. கருப்பை சுருங்கவேணும், வயிறு இறுகவேணும் என்று பேற்றுக்குப் பிறகு கொடுப்பது அது. ஏழாம் மாதத்தில் கருப்பை சுருங்கினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கறியில் போடும் உள்ளி, மிளகை நான் சொல்லவில்லை. அரைத்து உருட்டி விழுங்குவதைச் சொல்கிறேன்.

கலப்பைக்கிழங்கின் நஞ்சுக்குக் கொல்கிசின் என்று பெயர். ஓர் உயிரணு இரண்டாகும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்ணிழைகளை அது உருவாகவிடாது. வயிற்றுப் பிள்ளையோ ஒவ்வொரு நாளும் உயிரணு பிரிந்தே வளர்கிறது. தாயையும் அந்த நஞ்சு விடாது. கிழங்கைத் தின்று உயிர் தப்பிய இலங்கை நோயாளி ஒருவருக்கு உடம்பு மயிரெல்லாம் உதிர்ந்துபோன செய்தி 1966இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்தது.

தெரிந்தும் ஏன் தின்கிறார்கள்? தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருக்கலைப்பு ஆகாது என்கிறது எங்கள் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. வீட்டில் வாய் திறக்க முடியாத பெண்ணுக்கு வேலியோரக் கிழங்கும் கொடிவேலி வேரும்தான் கண்ணில் படுகின்றன. சிலவேளை கரு கலையாது. நஞ்சை வாங்கிக்கொண்டே பிள்ளை வளரும். இதை ஊரில் யாரும் பேசுவதில்லை.

இதைவிடச் சாதாரணமாக நடப்பது இன்னொன்று. மாதவிடாய் பிந்தினால் உடனே ஒரு கசாயம். பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டு வடமும் உருவாகும் குழாய், கருத்தரித்து 28 நாளளவில் மூடிவிடுகிறது. பிந்திப்போச்சே என்று கசாயம் காய்ச்சும் நாட்கள் அவைதான்.

அதற்காக எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டாம். பப்பாசியை எடுங்கள். 2002இல் வெளிவந்த எலி ஆய்வொன்றில் காயின் பால் கருப்பையைச் சுருங்கவைத்தது. பழச்சாறு அப்படிச் செய்யவில்லை. ஓங்காளத்துக்குக் குடிக்கும் இஞ்சித் தேநீரும் பரவாயில்லை. ஆமணக்கெண்ணெய் வேறு கதை. குடலை அசைக்கும் அதே வழியால்தான் அது கருப்பையையும் அசைக்கிறது என்று 2012இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மலச்சிக்கல் என்று பிள்ளைத்தாச்சிக்கு அதைப் பருக்காதீர்கள்.

மூலிகை என்று வருவதெல்லாம் மூலிகையுமல்ல. 2011–12இல் நியூயோர்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்தது. தேடிப் பார்த்தால், இந்தியாவில் செய்த ஆயுர்வேத மாத்திரைகள். ஈயம் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். இந்தியா போய்வரும் ஆட்களிடம் பெயர்ச்சீட்டில்லாத உருண்டை சொல்லி எடுப்பிக்கும் பழக்கம் எங்களுக்கும் உண்டு.

பழைய வைத்தியத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பதிப்பித்த பரராசசேகரம் என்ற பழைய வைத்திய நூலில் கெர்ப்பரோகத்துக்கும் பாலரோகத்துக்கும் தனிப் பகுதியே இருக்கிறது. பிள்ளைத்தாச்சி உடம்பு வேறு, அதற்கு வைத்தியம் வேறு என்று கண்டவர்கள் அவர்கள். படித்த சித்த வைத்தியரைப் பார்க்க விருப்பமானால் கைதடியில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. மற்றவர்கள் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் அட்டையோடு வீட்டிலிருக்கும் சரக்குப் பொட்டலத்தையும் கொண்டுபோய் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள். ஏசுவா என்று ஒளிக்காதீர்கள்.