ஒரே பேரு, மூணு பொடி: வேலை பார்க்குற இடத்துல சமையல் சோடா

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கேன்.)

ராஜகீழ்ப்பாக்கத்துல இருந்து பேசுறேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க, வேளச்சேரி–தாம்பரம் ரோடு நம்ம வீட்டுக்கு ரொம்பப் பக்கம்.

இன்னைக்கு தலைப்பு சமையல் சோடா. "அதுல என்னடா பேச இருக்கு"ன்னு நினைக்கிறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன், போன மாசம் வரைக்கும்.

எங்க பக்கத்துத் தெருவுல ஒரு அக்கா பலகாரம் போட்டு டீக்கடைகளுக்கு சப்ளை பண்றாங்க. அஞ்சு பேர் வேலை பார்க்குற சின்ன கிச்சன். பில்லிங் பிரிண்டர் வேலை செய்யலன்னு என்னைக் கூப்பிட்டாங்க. நான் கேபிளைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கேன். ஒடிசாவுல இருந்து வந்த ஒரு தம்பி, போண்டா மாவுல போட ஸ்பூன்ல சோடா எடுக்குறான். மாஸ்டர் திரும்பிப் பார்த்தவர் பாய்ஞ்சு போய் கையைத் தட்டிவிட்டார். "டேய், அது சிங்க் அடைப்புக்கு வாங்குனதுடா!"

அது காஸ்டிக் சோடா. ஸ்பூன்ல இருந்தது பொடியா இல்லாம சில்லு சில்லா இருந்ததாலதான் மாஸ்டருக்குத் தெரிஞ்சது. அலமாரியில பார்த்தா ரெண்டு பழைய ஊறுகாய் ஜாடி. ரெண்டுலயும் மார்க்கர்ல தமிழ்ல ஒரே வார்த்தை: "சோடா". அந்தத் தம்பிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் என்ன பிரயோஜனம் சொல்லுங்க?

நம்ம கோடுல ஒரே பேர்ல ரெண்டு வேரியபிள் வெச்சா கம்பைலர் கத்தும். கிச்சன்ல கத்த ஆள் கிடையாது. அன்னைக்கு மாஸ்டர் இருந்தார், அவ்வளவுதான்.

மூணு சோடா, மூணு குணம்

முதல்ல சமையல் சோடா. ஆப்ப சோடான்னும் சொல்வோம். வேதியியல்ல சோடியம் பைகார்பனேட். தண்ணில கரைச்சா பிஎச் சுமார் 8.3, அதாவது லேசான காரம்.

ரெண்டாவது சலவை சோடா, சோடியம் கார்பனேட். இதுக்கு பிஎச் 11 பக்கம் போகும். தோலையும் கண்ணையும் நல்லாவே எரிக்கும். தொழிற்சாலை அளவுல இதுக்குப் பேர் சோடா ஆஷ். நம்ம தூத்துக்குடியிலயே தயாராகுது. நிலக்கரி கொதிகலன் புகையில இருந்து கரியமில வாயுவைப் பிரிச்செடுத்து அதை வெச்சே சோடா ஆஷ் பண்றாங்கன்னு 2017 தொடக்கத்துல அந்த ஆலை உலகச் செய்தியில வந்தது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கிறதா சொன்னாங்க.

மூணாவது காஸ்டிக் சோடா, சோடியம் ஹைட்ராக்சைடு. நூத்துக்கு ஒரு பங்கு கரைச்சாலே பிஎச் 13-ஐத் தாண்டும். பிஎச்-ல ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. அப்போ 8.3-க்கும் 13-க்கும் நடுவுல காரத்தன்மை சுமார் 50,000 மடங்கு வித்தியாசம். தண்ணில போட்டா கொதிக்கிற மாதிரி சூடாகும். அலுமினியப் பாத்திரத்துல பட்டா தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும். வாயில போனா தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துடும்.

மூணுமே வெள்ளை. மூணுக்குமே கடையில "சோடா"ன்னுதான் பேரு.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாரு, நுரைச்சா சமையல் சோடா"ன்னு ஒரு டெஸ்ட் சொல்வாங்க. சோடா பழசாயிடுச்சான்னு பார்க்க அது சரி. ஆனா எந்த சோடான்னு கண்டுபிடிக்க அதை நம்பாதீங்க. சலவை சோடாவும் அதே மாதிரி நுரைக்கும். பாக்கெட்டைத்தான் பார்க்கணும். உணவுக்கான சமையல் சோடாவுக்கு ஐஎன்எஸ் எண் 500, பக்கத்துல அடைப்புக்குள்ள ரோமன் எண்ணுல இரண்டு. ரோமன் ஒன்றுன்னு இருந்தா அது கார்பனேட்.

டப்பா மாறினா என்ன ஆகும்?

2013 ஜூலை 16. பீகார் சரண் மாவட்டத்துல ஒரு ஆரம்பப் பள்ளி. மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைங்க இறந்துபோனாங்க. சமைச்ச எண்ணெயில மோனோகுரோட்டோபாஸ் பூச்சிக்கொல்லி இருந்தது பரிசோதனையில தெரிஞ்சது. அது சோடா இல்லதான். ஆனா சாப்பாட்டுப் பொருளும் விஷமும் ஒரே இடத்துல, மாறிப்போற மாதிரி இருந்தா என்ன நடக்கும்ங்கிறதுக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

சட்டமும் இதைச் சொல்லுது. 2011-ல வந்த உணவுப் பாதுகாப்பு உரிம விதிகள்ல நாலாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. சுத்தம் செய்யுற ரசாயனங்களை உணவுப் பொருள்ல இருந்து தள்ளி, தெளிவா அடையாளம் போட்ட டப்பாவுல வைக்கணும். சின்னக் கடைக்கும் இதுதான்.

சரி, நிஜமான சமையல் சோடா ஆபத்தா?

பெருசா இல்ல. தீப்பிடிக்காது, விஷமும் இல்ல. ஆனா மூட்டை கணக்குல கையாளுற இடத்துல நாலு விஷயம் கவனிக்கணும்.

ஒண்ணு, தூசி. மூட்டையைக் கவிழ்க்கும்போது கண்ணு, மூக்கு எரியும். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கோங்க. கவிழ்க்காம கோப்பையால அள்ளுங்க. கண்ணுல பட்டா கசக்காம ஓடுற தண்ணில கழுவணும்.

ரெண்டு, வாயு. ஒரு கிலோ சமையல் சோடா முழுசா அமிலத்தோட சேர்ந்தா சுமார் 290 லிட்டர் கரியமில வாயு வரும். அதனால வினிகர், கழிவறை கழுவுற ஆசிட் இதுங்க பக்கத்துல வைக்கக் கூடாது. சோடாவையும் வினிகரையும் கலந்து பாட்டில்ல ஊத்தி மூடி வெச்சா பாட்டில் வெடிக்கும்.

மூணு, சூடும் ஈரமும். 50 டிகிரி தாண்டினா மெதுவா சிதைய ஆரம்பிச்சு, சலவை சோடாவா மாறும். அடுப்புக்கு மேல இருக்குற அலமாரி இதுக்கு இடமே இல்ல. ஈரம் பட்டா கட்டி தட்டிடும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ நம்ம தாம்பரம் பக்கம் தண்ணி எப்படி நின்னதுன்னு உங்களுக்கே தெரியும். மூட்டை தரையில இருக்கக் கூடாது. பலகை மேல, சுவரை ஒட்டாம அடுக்குங்க. முதல்ல வந்ததை முதல்ல எடுங்க.

நாலு, வயித்து எரிச்சலுக்கு ஒரு ஸ்பூன் கலக்கிக் குடிக்கிற பழக்கம். ஒரு டீஸ்பூன்ல சுமார் 1.3 கிராம் சோடியம் இருக்கு. ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிரஷர் இருக்கறவங்க தயவுசெஞ்சு இதைப் பண்ணாதீங்க.

ஐடி ஆபீஸ்காரங்களுக்கும் உண்டு

யூபிஎஸ் ரூம்ல லெட் ஆசிட் பேட்டரி இருந்தா, பக்கத்துல ஒரு டப்பா சமையல் சோடா வைக்கிறது நல்ல பழக்கம். தரையில ஆசிட் சிந்தினா கையுறை, கண்ணாடி போட்டுக்கிட்டு, ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா தூவுங்க. நுரை அடங்கின பிறகு துடைக்கலாம். ஆனா உடம்புல ஆசிட் பட்டா சோடா போடக் கூடாது. தண்ணிதான், குறைஞ்சது 15 நிமிஷம்.

கிச்சன்ல சட்டி எண்ணெய் லேசா தீப்பிடிச்சா, அடுப்பை அணைச்சு, மூடி போட்டு மூடுங்க. சமையல் சோடாவைத் தூவினாலும் அணையும். சில தீயணைப்பான்களுக்குள்ள இருக்கறதே இந்தப் பொடிதான். பதட்டத்துல மைதாவை அள்ளிப் போட்டுடாதீங்க, அது பத்தி எரியும். தண்ணியும் ஊத்தாதீங்க.

அக்கா என்ன பண்ணாங்க?

அன்னைக்கு சாயங்காலமே உட்கார்ந்து மாத்தினோம். செலவு 300 ரூபாய்கூட ஆகல.

காஸ்டிக் சோடா கிச்சனை விட்டே வெளியே போச்சு. கழுவுற இடத்துல பூட்டுற பெட்டி, சாவி மாஸ்டர்கிட்ட. வாங்கின டப்பாவை விட்டு வேற டப்பாவுக்கு மாத்துறதே கிடையாது.

சாப்பாட்டுப் பொருளுக்கு பச்சை மூடி, கழுவுற பொருளுக்கு சிவப்பு மூடி. சமையல் சோடா டப்பாவுல போண்டா படம், காஸ்டிக் பெட்டியில கை வெந்த படம். படத்துக்கு மொழி வேண்டாம் இல்லையா? பேரும் தமிழ், ஹிந்தி, ஒடியா மூணுலயும். ஒடியாவை எழுதினது அந்தத் தம்பிதான்.

பேர் இல்லாத வெள்ளைப் பொடி எதுவா இருந்தாலும் மாவுல சேராது. அதைக் காஸ்டிக்னு நினைச்சே கையாளணும். குப்பை எடுக்க வர்றவங்க கையில திறந்தபடி கொடுக்கவும் கூடாது.

யாராவது தவறிப்போய் காஸ்டிக்கை வாயில போட்டுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, எலுமிச்சை, வினிகர் எதுவும் குடிக்கக் கொடுக்காதீங்க. வாயைக் கொப்பளிக்க வெச்சு, 108-க்குப் போன் போட்டு, அந்த டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

கிளம்பும்போது அக்கா சொன்னாங்க: "தம்பி, பதினோரு வருஷமா இந்த ரெண்டு ஜாடியும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. ஒண்ணும் ஆகலன்னு நினைச்சுட்டு இருந்தேன்." எனக்கு அந்த வார்த்தை இன்னும் காதுல இருக்கு. புரொடக்‌ஷன்ல பல வருஷமா ஓடுற பக்கும் அப்படித்தான், ஒருநாள் சரியான ஆள் லீவ்ல இருப்பான்.

இதைக் கேட்டு முடிச்சதும் உங்க வீட்டு அலமாரியையும், உங்க ஆபீஸ் பேன்ட்ரியையும் ஒரு தடவை திறந்து பாருங்க. "சோடா"ன்னு மட்டும் எழுதின டப்பா ஏதாவது இருந்தா, இன்னைக்கே முழுப்பேரை எழுதிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.